பயணத்துக்கு ஒரு சின்னப் புல்லாங்குழல்: சுருதிக் கட்டையைத் தேர்ந்தெடுப்பது முதல் பையில் வைப்பது வரை

பையில் அடங்குகிற மாதிரி ஒரு புல்லாங்குழல் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனவர்கள் நிறையப் பேர். பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் இருப்பதிலேயே குட்டையானதை எடுப்பார்கள், ஊதுவார்கள், சத்தம் வந்தால் காசைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் குழல் அலமாரியில் கிடக்கும்.

இங்கே சொல்வது கர்நாடக இசைக்கான மூங்கில் குழலைப் பற்றி. நீங்கள் ஓரளவு ஊதத் தெரிந்தவர், அல்லது வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆனவர் என்று வைத்துக்கொள்கிறேன். ஊதியே பழக்கமில்லை என்றால் 8-ஆம் படிக்கு மட்டும் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். மற்றதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

1. எந்தக் குழல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

திருவிழாவிலும் கடற்கரையிலும் கம்பில் செருகிக் கொண்டுவந்து விற்பார்களே, அதில் பாதி வாயில் நேராக வைத்து ஊதுகிற பீப்பிக் குழல். முனையில் ஒரு அடைப்பு இருக்கும், காற்றை அதுவே வெட்டிக் கொடுக்கும். உதட்டுக்கு வேலையே இல்லை. நம் இசையில் உதடுதான் சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும் என்பதால் அது உதவாது.

இரண்டாவது, ஹிந்துஸ்தானி பான்சுரி. பக்கவாட்டில் பிடிப்பது, ஆறு துளை, சிலவற்றில் ஏழு. முதல் மூன்றை மூடினால் ஸட்ஜம், அதாவது 'ஸ'. உத்தரப் பிரதேசத்துப் பீலிபீத்தில் அசாம் மூங்கிலைக் கொண்டு ஏராளமாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது நம்முடையது. ஊதுதுளை போக எட்டுத் துளை, முதல் இரண்டை மூடினால் ஸட்ஜம். ஏழு விரல்தான் வேலை செய்யும், எட்டாவது துளை பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அரைத் துளை எதுவும் பிடிக்காமல் வரிசையாகத் திறந்துகொண்டே போனால் ஹரிகாம்போஜி ராகம் வரும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், பெயர்க் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நண்பர் ஒருவர் இணையத்தில் 'ஜி' (சுருதியைச் சொல்லும் மேற்கத்திய எழுத்து) என்று பார்த்து வாங்கினார். வந்தது இரண்டடி நீளக் கம்பு. விற்றவர் ஏமாற்றவில்லை. பான்சுரியில் ஜி என்றால் சுமார் 24 அங்குலம், கர்நாடகக் குழலில் ஜி என்றால் சுமார் 15 அங்குலம். எழுத்து ஒன்றுதான், ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரையான அடுக்கு) வேறு. அதனால் எழுத்தை மட்டும் கேட்காதீர்கள். மொத்தம் எத்தனை துளை, எத்தனை மூடினால் ஸட்ஜம், அது எந்தக் கட்டை, நீளம் எத்தனை அங்குலம் என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

2. கட்டையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

கட்டை என்பது ஸட்ஜம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்லும் எண். 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையில் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை உண்டு. கணக்குப்படி மூன்றரையும் ஏழரையும் கிடையாது. யாராவது ஏழரைக் கட்டைக் குழல் என்று நீட்டினால் அது சனீஸ்வரன் அனுப்பியது என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஒவ்வொரு அரைச் சுரம் மேலே போகும்போதும் குழலின் நீளம் ஏறக்குறைய 6 விழுக்காடு குறைகிறது. 5 கட்டை சுமார் 15 அங்குலம் என்றால் 6 கட்டை பதின்மூன்றரை, 7 கட்டை 12, அதற்கும் மேலே உள்ள 1 கட்டை 11 சொச்சம். கைவேலை என்பதால் ஓரங்குலம் முன்பின் இருக்கும்.

இப்போது உங்கள் பையைப் பாருங்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு நம் ஊர் நிறுவனங்கள் பலவும் வைத்திருக்கும் அளவு 55 செ.மீ. உயரம். 15 அங்குலம் என்பது 38 செ.மீ. சாதாரண முதுகுப்பையில்கூட நின்றுகொள்ளும். 5 கட்டையை விட்டு 7 கட்டைக்குப் போவதால் மிச்சம் மூன்றே அங்குலம். அந்த மூன்று அங்குலத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கேளுங்கள்.

ஒன்று, சத்தம். 5 கட்டைக் குழலின் நடு ஸட்ஜமே சுமார் 784 ஹெர்ட்ஸ். மேலே உள்ள 1 கட்டைக் குழலில் அது 1047. அதன் மேல் பஞ்சமத்தை ('ப') விடுதி அறையில் காலை ஆறு மணிக்கு ஊதினால் பக்கத்து அறைக்காரர் குக்கர் விசில் என்று நினைத்துக்கொள்வார். இரண்டாவது இதைவிடத் தீவிரமானது. குழல் குறுகக் குறுகத் துளைகள் நெருங்கும், கமகத்துக்கு (சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு) விரலை உருட்டும் இடமும் சுருங்கும். நீளமான குழலில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் தெரியாது, குட்டைக் குழலில் அது அபஸ்வரம்.

என் முடிவு இது. வீட்டில் 5 கட்டை வாசிக்கிறீர்களா, பயணத்துக்கும் 5 கட்டையே வாங்குங்கள். அதிகம் போனால் 6. உதடு ஒரு குழலுக்குப் பழகிவிட்டால் வேறு அளவுக்கு மாற இரண்டு மூன்று நாள் பிடிக்கும், உங்கள் பயணமே அவ்வளவுதான். திரும்பி வந்ததும் மறுபடி இரண்டு நாள். வீட்டில் நீளமான 2 கட்டை, 3 கட்டை வாசிப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் 5 கட்டைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கூட யாராவது பாடுவதாக இருந்தால் அவர்களுடைய சுருதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரைக் கட்டையில் பாடுபவர் பக்கத்தில் 5 கட்டைக் குழலோடு உட்கார்ந்தால் வாசிக்க ஒன்றும் இருக்காது.

3. கை பிடிக்கிறதா என்று அட்டையில் பாருங்கள்

5 கட்டைக் குழலில் துளைக்குத் துளை ஏறக்குறைய 2 முதல் 2.5 செ.மீ. இருக்கும். சமையலறைத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழாய் இருந்தால் எடுத்து அதே இடைவெளியில் ஏழு புள்ளி வையுங்கள். இடக்கையில் மூன்று விரல், வலக்கையில் சுண்டுவிரல் உட்பட நான்கு. அட்டை குழலைவிடப் பருமன்தான், ஆனாலும் வலது சுண்டுவிரல் எட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

எட்டினால் போதாது, வளையாமல் எட்ட வேண்டும். விரல் நுனியால் அமுக்குபவர்களுக்கு எல்லாக் குழலும் எட்டும். கமகம் பிடிக்க விரலின் சதைப்பகுதி துளைமேல் படிய வேண்டும், அப்படி வைத்துப் பாருங்கள். பத்து வயதுக் குழந்தைக்கு 6, 7 கட்டை சரியாக வருவதும், அதே குழலில் பெரியவரின் தடித்த விரல்கள் ஒன்றையொன்று இடிப்பதும் இதனால்தான்.

4. ஒரே துண்டா, கழற்றிச் சேர்ப்பதா

நடுவில் பித்தளைப் பூண் போட்டு இரண்டாகக் கழற்றும் குழல்கள் கிடைக்கின்றன. பயணத்துக்கு என்றே செய்ததுபோல் இருப்பதால் புதியவர்கள் உடனே அதை எடுப்பார்கள்.

நீளக் குழலுக்கு அது நல்ல யோசனை. 15 அங்குலக் குழலுக்கு நான் சொல்ல மாட்டேன். மூங்கில் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். பித்தளை அப்படிச் செய்யாது. சென்னையில் கச்சிதமாக இருக்கும் பூண் குளிரூட்டிய அறையில் ஒரு இரவு கிடந்தால் லொடலொடக்கும், மழைக்கால மலைவாசத்தில் கழற்றவே வராது. இறுகினதைத் திருகி மூங்கிலைப் பிளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சேர்க்கும்போது மேல் துண்டும் கீழ் துண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். குறி இல்லாத பூணில் தினமும் ஒரு கோணம் வரும், கை தினமும் தடுமாறும்.

இருந்தாலும் வாங்குவீர்கள் என்றால் பூணின் மேல் ஒரு கோடு கீறித் தரச் சொல்லுங்கள்.

5. கடைக்கு எடுத்துப்போக வேண்டியவை

கைபேசியில் சுருதி காட்டும் டியூனர் செயலி, ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்து. சின்ன டார்ச். கறுப்புக் கைக்குட்டை. செல்லோ டேப் ஒரு துண்டு. உங்கள் வீட்டுக் குழல், பக்கத்தில் வைத்து ஒப்பிட. முடிந்தால் பயணப் பையையே எடுத்துப் போங்கள்.

உச்சி வெயிலிலும் போகாதீர்கள், சனிக்கிழமை மாலைக் கூட்டத்திலும் போகாதீர்கள். கடைக்காரர் பரபரப்பில் இருந்தால் ஒரு குழலுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க மாட்டார், உங்களுக்கு இருபது நிமிடம் தேவை.

6. ஊதுவதற்கு முன் கண்ணால் பார்ப்பது

ஊதிவிட்டால் மனம் சாய்ந்துவிடும். நல்ல சத்தம் கேட்ட பிறகு கீறல் கண்ணில் படாது. அதனால் முதலில் வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

புறத்தில் வைரம் பாய்ந்தது புல், அகத்தில் வைரம் பாய்ந்தது மரம் என்பது பழைய இலக்கணக்காரர்கள் செய்த பாகுபாடு. மூங்கில் புல். அதன் பலம் முழுக்க மேல்தோலில் இருக்கிறது. மேல்தோலைச் சீவி, தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்த குழல் அழகாக இருக்கும், ஆனால் கவசத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறது. இயற்கையான தோலோடு, லேசான புள்ளியும் நிற வேறுபாடும் தெரிகிற குழலை எடுங்கள்.

அப்புறம் நீளவாட்டில் கீறல். மூங்கில் எப்போதும் நாரின் போக்கில்தான் பிளக்கும், பெரும்பாலும் திறந்த முனையிலிருந்து தொடங்கும். டார்ச்சைக் குழலுக்குள் விட்டு, துளைகளைக் கையால் மூடி, வெளிச்சம் எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். நூல் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், பல கைவினைஞர்கள் முன்னெச்சரிக்கையாகவே முனைகளில் கட்டுவார்கள். கட்டு நடுவில், துளைகளுக்கு இடையில் இருந்தால்தான் "இது ஏன்?" என்று கேளுங்கள்.

உளுத்த மூங்கிலைக் கண்டுபிடிக்கக் கறுப்புக் கைக்குட்டை. அதன்மேல் குழலைச் செங்குத்தாக வைத்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மாவு மாதிரி வெளிறிய பொடி உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. குண்டூசித் தலை அளவு ஓட்டை வெளியே தெரிந்தாலும் அதேதான். விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் மற்றக் குழல்களுக்கும் பரவும்.

துளைகளின் உள்விளிம்பைப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைத்திருந்தால் விளிம்பு கறுத்திருக்கும், அது குறையல்ல. பிசிறு இருந்தால் குறை, ஏனென்றால் விரல் முழுதாக மூடாது. துளைக்குள் மெழுகு பூசியிருக்கிறதா என்றும் நகத்தால் தடவுங்கள். சுருதி கூடிப்போன துளையை மெழுகு வைத்து இறக்குவது வழக்கத்தில் உள்ள திருத்தம்தான், வீட்டுக் குழலென்றால் விட்டுவிடலாம். பயணக் குழலில் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மெழுகு உருகி வழிந்தபின் துளையும் பழைய அளவுக்குப் போய்விடும்.

கடைசியாகக் கையில் எடை பாருங்கள். அதே அளவுக் குழல்கள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றித் தூக்கினால் நன்றாகக் காயாதது கனமாகத் தெரியும். காயாத மூங்கில் உங்கள் பையில்தான் காயும், காயும்போது சுருதியும் நகரும்.

7. கசிகிறதா என்று பாருங்கள்

இது ஒரு நிமிட வேலை, ஆனால் கடையில் யாரும் செய்வதில்லை. எட்டாவது துளையைச் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். ஏழு விரலால் ஏழு துளையையும் மூடுங்கள். திறந்த முனையைத் தொடைமேல் அழுத்திக்கொள்ளுங்கள். ஊதுதுளையை உதட்டால் மூடி மெல்ல உறிஞ்சுங்கள்.

கசிவு இல்லாத குழல் உதட்டைப் பிடித்துக்கொள்ளும், விட்டதும் சின்னதாக 'டப்' என்று சத்தம் கேட்கும். பிடிக்காவிட்டால் விரல் சரியாக மூடவில்லையா என்று இன்னொரு முறை பாருங்கள். மூன்றாவது முறையும் பிடிக்காவிட்டால் எங்கேயோ மயிர்க்கீறல் இருக்கிறது, அல்லது தலைப்பக்க அடைப்பு இறுக்கமாக இல்லை. பூண் போட்ட குழல்கள் பல இந்தச் சோதனையில்தான் தோற்கும்.

ஒரு கடையில் நான் இப்படி உறிஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கடைக்காரர், "சார், அது இளநீர் இல்ல, ஊதுங்க" என்றார். நாலாவது குழலில் 'டப்' சத்தம் கேட்டபோது அவரே எட்டிப் பார்த்து, "அதையே எடுத்துக்குங்க, அது நல்ல மூங்கில்" என்றார். முதல் மூன்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

8. இப்போது ஊதுங்கள், ஆனால் இந்த வரிசையில்

முதல் இரண்டு நிமிடம் டியூனரைப் பார்க்காதீர்கள். வெறுமனே நீளமாக ஊதிக் குழலைச் சூடாக்குங்கள். உள்ளே இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். நூறு சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச் சுரம். குளிரூட்டிய கடையில் எடுத்த எடுப்பில் ஊதினால் நல்ல குழலும் தாழ்ந்தே காட்டும். ஜனவரியில் கொடைக்கானலுக்குப் போய், சென்னையில் சரியாக இருந்த குழல் கெட்டுவிட்டது என்று புலம்பியவர் உண்டு. பத்து டிகிரி இறங்கினால் 30 சென்ட், மூச்சுச் சூடு அதில் கொஞ்சத்தை மீட்டுத் தரும், மிச்சம் காதில் விழும். அதற்குக் குழல் பொறுப்பில்லை.

சூடானதும் நடு ஸட்ஜம். இரண்டு துளை மூடி, சாதாரண மூச்சில். டியூனர் காட்டுவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து இன்னும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்து கீழ்ப் பஞ்சமம், ஐந்து துளை மூடி. அதே விரல் வைப்பில் மூச்சைக் குவித்து நடுப் பஞ்சமம். இந்த இரண்டும் சரியாக ஒரு ஸ்தாயி தள்ளி நிற்க வேண்டும். அடுத்து காந்தாரம் ('க'): எல்லாவற்றையும் திறந்து நடு காந்தாரம், ஏழையும் மூடிக் கீழ்க் காந்தாரம். இது கடினமான சோதனை. குழலின் ஒரு முனையும் மறுமுனையும் ஒரே ஸ்வரத்தில் சேர வேண்டும். கீழ்க் காந்தாரம் காற்றுச் சத்தம் இல்லாமல் பேசினால் உள்விட்டமும் சுவரும் நன்றாக அமைந்திருக்கின்றன என்று அர்த்தம். மலிவுக் குழல்கள் முதலில் இங்கேதான் மூச்சு வாங்கும்.

கடைசியில் மேல் ஸட்ஜம், மேல் பஞ்சமம். நெற்றி நரம்பு புடைக்காமல் வர வேண்டும்.

இப்போது டியூனரின் தீர்ப்பு. புதியவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள், இரண்டு திசையிலும். ஊதுதுளையை உதட்டுப் பக்கம் கொஞ்சம் உருட்டினால் சுருதி இறங்கும், வெளியே உருட்டினால் ஏறும், மூச்சின் வேகமும் சேர்ந்தால் 20, 30 சென்ட் வித்தியாசம் சாதாரணம். அதனால் ஒரு ஸ்வரம் தனியாக என்ன காட்டுகிறது என்பது பெரிய விஷயமில்லை. எல்லா ஸ்வரமும் ஒரே பக்கமாக 15 சென்ட் விலகியிருந்தால் அது உங்கள் உதடு, அல்லது அறையின் குளிர். மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க ஒன்று மட்டும் விலகினால் அது துளையின் தவறு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் மூன்று முறை, நடுவில் குழலை இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடுத்து ஊதிப் பாருங்கள். மூன்று முறையும் அதே துளை மட்டும் முரண்டு பிடித்தால் குழலை மாற்றுங்கள். பத்து சென்ட்டுக்குள் இருந்தால் உதட்டால் சரி செய்துவிடலாம்.

ஸ்தாயி சேராத குழலுக்கு, "தலைப்பக்கத் தக்கையைக் கொஞ்சம் தள்ளினால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகலாம். ஆனால் அதைச் செய்தவரே, உங்கள் கண் முன்னால், பணம் வாங்குவதற்கு முன் செய்து காட்டட்டும்.

ஒரே கட்டையில் மூன்று குழலையாவது இப்படிப் பாருங்கள். கைவேலையில் இரண்டு மூங்கில் ஒன்றுபோல் இருக்காது, ஒரே கைவினைஞர் ஒரே நாளில் செய்திருந்தாலும். விலை சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை போகும். விலை அதிகமான குழல்தான் சோதனையில் தேறும் என்று எண்ண வேண்டாம்.

9. இணையத்தில் வாங்குவதாக இருந்தால்

நேரில் பார்க்க வழியில்லாதவர்கள் 1-ஆம் படியில் சொன்ன நான்கு கேள்வியோடு ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: நீங்கள் அனுப்பப்போகும் அதே குழலில் கீழ்க் காந்தாரம், ஸட்ஜம், மேல் பஞ்சமம் மூன்றையும் ஊதிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா? செய்து விற்பவர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார். மொத்தமாக வாங்கி விற்பவர் மழுப்புவார். அந்த ஒரு பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

பொட்டலம் பிரிப்பதைப் படம் எடுங்கள். பிரித்ததும் ஊதாமல் அரை நாள் அறையில் வையுங்கள், கூரியர் வண்டியில் வெந்தோ குளிர்ந்தோ வந்திருக்கும். பிறகு 6, 7, 8 மூன்று படிகளையும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்து முடியுங்கள். ஒரு மாதம் கழித்துக் கீறலைக் கண்டுபிடித்தால் அது நீங்கள் உண்டாக்கியது என்றுதான் சொல்வார்கள்.

10. உறை: ஹார்டுவேர் கடைக்குப் போங்கள்

குழலோடு தரும் துணி உறை தூசிக்கு மட்டும்தான். ரயிலில் யாராவது உங்கள் பைமேல் உட்கார்ந்தால் அதற்கு வழி சொல்லாது.

40 மி.மீ. பிவிசி குழாயில் குழலைவிட இரண்டங்குலம் நீளமாக ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள், கூடவே இரண்டு மூடிகள். ஒரு மூடியைப் பசை போட்டு ஒட்டுங்கள், இன்னொன்றைச் சும்மா செருகுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மேல்தோலைக் கீறும். குழலைப் பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி உள்ளே விடுங்கள். மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போடுங்கள், ஈரம் உள்ளேயே தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

வெள்ளைக் குழாயின்மேல் கொட்டை எழுத்தில் 'புல்லாங்குழல்' என்று எழுதி வையுங்கள். ஏன் என்று அடுத்த படியில்.

11. விமானம், ரயில், எல்லை

இரண்டு பக்கமும் மூடிய குழாயை எக்ஸ்ரே திரையில் பார்க்கும் ஒருவர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். திறக்கச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதும்தான். அதனால் ஒட்டாத மூடி கையால் கழற்ற வர வேண்டும், டேப் சுற்றி வைக்காதீர்கள். சோதனைக்கு வரிசையில் நிற்கும்போதே பையின் மேல்பகுதிக்கு எடுத்து வைத்துக்கொண்டால் அரை நிமிடத்தில் முடியும்.

சரக்கில் போடும் பெட்டிக்குள் வேண்டாம், கையோடு வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும். நீண்ட பயணமென்றால் குழலைத் துணியோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் குழாய்க்குள் வையுங்கள், இறங்கியதும் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள்.

இறங்கிய உடனே ஊதாதீர்கள். காய்ந்து குளிர்ந்த மூங்கிலுக்குள் சூடான ஈர மூச்சு போனால் உள்பக்கம் உப்பும், வெளிப்பக்கம் அப்படியே இறுகி நிற்கும். பிளவு விழுவது அந்த நேரத்தில்தான். ஒரு மணி நேரம் அறையில் வைத்து, முதல் நாள் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் வருகைப் படிவத்தில் மூங்கில் பொருள் இருக்கிறது என்று அறிவித்தே ஆக வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டுத் தரலாம், மறைத்தால் அபராதம். உளுத்த குழலை வாங்காதீர்கள் என்று 6-ஆம் படியில் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்: பூச்சித் துளை கண்டால் அங்கே குழல் உங்கள் கைக்குத் திரும்பி வருவது சந்தேகம்.

மூங்கிலுக்குப் பதில் ஈட்டி மரத்தில் கடைந்த குழல் வாங்குபவர்களுக்கு ஒரு வரி. அந்த மர இனத்துக்குச் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உண்டு. 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது, பிரேசில் ஈட்டிக்கு மட்டும் இல்லை. எந்த மரம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயிலில் ஜன்னலோர வலைப்பை வேண்டாம், வெயில் நேராக விழும். நிறுத்திய கார் அதைவிட மோசம்.

12. முதல் மாதமும் அதற்குப் பிறகும்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். பயணத்துக்கு முந்தின நாள் வாங்கி, மறுநாள் மலையேறி, உற்சாகத்தில் இரண்டு மணி நேரம் ஊதுவதுதான் புதுக் குழலைக் கொல்ல நிச்சயமான வழி.

ஊதி முடித்ததும் மெல்லிய குச்சியில் பருத்தித் துணி சுற்றி உள்ளே துடையுங்கள். துடைத்தபின் கால் மணி நேரம் காற்றாட விட்டுத்தான் உறைக்குள் போட வேண்டும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்பக்கம் லேசாக எண்ணெய். பாதாம் எண்ணெய் அல்லது கடுகெண்ணெய், நாலைந்து சொட்டு, துணியில் தொட்டு. தேங்காய் எண்ணெய்தான் கைக்குக் கிடைக்கும், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஊட்டியில் குழலுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்துப் பூஞ்சை என்று நினைத்து ஒருவர் வெந்நீர் ஊற்றிக் கழுவினார். அந்தக் குழல் மூன்றாகப் பிளந்தது.

பயணத்தில் மயிர்க்கீறல் விழுந்தால் அதை அங்கேயே நிறுத்தலாம். கீறலின் இரண்டு முனைக்கும் சற்று வெளியே பருத்தி நூலை இறுக்கமாக, சுற்றுக்குச் சுற்று இடைவெளியில்லாமல் ஓர் அங்குலம் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கீறல்மேல் செல்லோ டேப் ஒட்டினால் அப்போதைக்குக் கசிவு நிற்கும். இதற்காகவே நான் உறைக்குள் ஒரு சின்ன நூல்கண்டும், 7-ஆம் படியில் மிஞ்சிய டேப்பையும் போட்டு வைத்திருக்கிறேன். பசை மட்டும் போடாதீர்கள், ஊருக்கு வந்தபின் குழல் செய்பவரிடம் காட்டினால் பசை ஊறிய கீறலை அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.